அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலைன்னு நம்பி வண்டிய எடுத்தோம்

எல்லாருக்கும் வணக்கம். முதல்ல இதைப் பாருங்க. கேமராவுல தெரியுதா? கல்கண்டு அளவுல ஒரு கண்ணாடித் துண்டு. நேத்து கார் சீட்டை இழுத்துப் போட்டு சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன். பெல்ட் மாட்டுற கொக்கி இருக்குல்ல, அந்த இடுக்குல இருந்து வந்துச்சு. விபத்துல உடைஞ்ச பின் கண்ணாடிய மாத்தி எவ்வளவோ நாளாச்சு, இது மட்டும் அங்கேயே கிடந்திருக்கு. இதைக் கையில எடுத்ததும், இதைப் பத்தி இன்னைக்குப் பேசியே ஆகணும்னு உட்கார்ந்துட்டேன்.

2024 பொங்கலுக்கு நானும் அப்பாவும் சென்னையில இருந்து திருச்சிக்குப் போனோம். ஜனவரி 13, சனிக்கிழமை. அந்த நாள்ல அந்த ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டி டோலுக்கு முன்னாடி, இருட்டுற நேரம். முன்னாடி எல்லா வண்டியும் நிக்குது, நானும் நிறுத்திட்டேன். பின்னாடி வந்த குட்டி யானை லோடு வண்டி நிக்கல. அடிச்ச வேகத்துல எங்க வண்டி தள்ளிக்கிட்டுப் போய் மீடியன் கட்டையில முட்டி நின்னுச்சு. பின் கண்ணாடி மொத்தமும் பொலபொலன்னு உள்ள கொட்டுது.

அந்த லோடு வண்டிய ஓட்டினது சின்னப் பையன். இருபது, இருபத்தொண்ணு இருக்கும். இறங்கி ஓடி வந்து அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டான். "ஐயா, முதலாளி வேலைய விட்டுத் தூக்கிடுவாருங்கய்யா"ன்னு அழறான். கூடின கூட்டமும் "யாருக்கும் அடி இல்லையே, பேசி முடிச்சுட்டுக் கிளம்புங்கம்மா"ன்னு சொன்னாங்க. அப்பா நெஞ்சைத் தடவிப் பார்த்துட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, பாவம், விடு"ன்னுட்டாரு. அந்தப் பையன் சட்டைப் பையில இருந்த 3,000 ரூபாய எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கிட்டோம். அவன் போயிட்டான். வண்டி நம்பரைக் கூட நான் போட்டோ எடுக்கல.

பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிக்கிட்டு ஊர் போய்ச் சேர்ந்தோம். ராத்திரி அப்பா சட்டையைக் கழட்டினப்ப பார்த்தேன், இடது தோள்ல ஆரம்பிச்சு குறுக்கால வயித்து வரைக்கும், பெல்ட் இருந்த இடம் அப்படியே செவசெவன்னு ஒரு பட்டை. தைலம் தேய்ச்சு விட்டேன். போகி போச்சு, பொங்கல் போச்சு. இருமினா மட்டும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு. மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் காலைல அவரால மூச்சை முழுசா இழுக்க முடியல.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தா, ரெண்டு விலா எலும்புல விரிசல், நெஞ்சுக்குள்ள ரத்தம் கட்டி நிக்குது. அப்பாவுக்கு ஏற்கெனவே இதய ரத்தக் குழாய்ல ஸ்டென்ட் வச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவரு. அப்படிப்பட்டவங்களுக்குச் சின்ன கசிவு கூட நிக்காம போய்க்கிட்டே இருக்கும்னு டாக்டர் சொன்னப்பதான் எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. டியூப் போட்டு எடுத்தாங்க. இப்ப நல்லா இருக்காரு, பக்கத்து ரூம்லதான் பேப்பர் படிச்சிக்கிட்டிருக்காரு.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில கேட்டாங்க: எங்க நடந்துச்சு, எத்தனை மணிக்கு, எந்த வண்டி, ஸ்டேஷன்ல சொன்னீங்களா, ஏஆர் போட்டீங்களா? எதுக்குமே என்கிட்ட பதில் இல்ல.

ஏஆர்னா ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். விபத்துல அடிபட்டு வந்தவங்கன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியில ஒரு பதிவு போடுவாங்க. எப்ப வந்தாங்க, யாரு கூட்டிட்டு வந்தா, உடம்புல எங்கெங்க காயம், எப்படி அடிபட்டுச்சுன்னு சொன்னாங்க, எல்லாம் அதுல இருக்கும். பின்னாடி போலீஸ், இன்சூரன்ஸ், கோர்ட் எங்க போனாலும் முதல்ல கேக்குறது அந்தக் காகிதம்தான். அதனால நான் இன்னைக்குக் கெஞ்சிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். வலி இல்லைன்னாலும், ரத்தம் வரலைன்னாலும், கொஞ்சம் பலமா இடிச்ச வண்டிக்குள்ள இருந்தீங்கன்னா, அன்னைக்கே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பைக் காட்டி, விபத்துன்னு சொல்லி ஏஆர் போட வைங்க.

வலி உடனே ஏன் தெரியலைன்னு நானும் யோசிச்சிருக்கேன். அடிபட்ட பதட்டத்துல உடம்பு அட்ரினலினைக் கொட்டும், அந்த நேரத்துல வலி அமுங்கிடும். கழுத்து வலியெல்லாம் மறுநாள் எழுந்திருக்கும்போதுதான் தெரியும். விலா எலும்பு விரிசல் சில சமயம் முதல் எக்ஸ்ரேல கூடத் தெரியாது. வாந்தி, தூக்கமாவே வர்றது, தலைவலி ஏறிக்கிட்டே போறது, வயிறு கல்லு மாதிரி ஆகுறது, சிறுநீர்ல ரத்தம், மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. வயசானவங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்கன்னா, டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா அதைச் சொல்லுங்க. தலையில லேசா இடிச்சிருந்தாலும் சொல்லணும்.

பணத்துக்குப் பயந்து தள்ளிப் போடுறவங்க நிறைய பேர். நம்ம தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு. 2021 டிசம்பர் 18, மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்சாங்க. விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்துல சேர்ந்திருக்கிற அரசு, தனியார் ஆஸ்பத்திரிகள்ல இலவசமா சிகிச்சை. வருமானம் எவ்வளவுன்னு கேக்க மாட்டாங்க, வேற மாநிலத்துக்காரங்களா இருந்தாலும் உண்டு. அன்னைக்கு நாங்க மேல்மருவத்தூரைத் தாண்டித்தான் போனோம். ஆனா அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப 60 மணி நேரம் ஓடிப் போயிருந்துச்சு. 2025 மே மாசம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, விபத்து நடந்த நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும், ஒருத்தருக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் பணம் கட்டாம சிகிச்சை. எதுவா இருந்தாலும் விபத்து நடந்த நேரத்துல இருந்துதான் கணக்கு.

இப்ப அந்தப் பையன் விஷயத்துக்கு வர்றேன். இரக்கப்பட்டது தப்புன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அப்ப ஒரு விஷயம் புரியல. ரோட்டுல ஓடுற எந்த வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். எங்களுக்கு வர வேண்டிய நஷ்ட ஈட்டை அந்த இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுத்திருக்கும், அந்தப் பையன் சட்டைப் பையில இருந்து வர வேண்டியதே இல்ல. அவன் மேல கேஸ் வரும், அது உண்மை, அதை மறைக்க முடியாது. ஆனா பண்டிகைக்கு வச்சிருந்த 3,000 ரூபாயையும் அவன்கிட்ட இருந்து வாங்கிட்டு, அப்பா வைத்தியத்துக்கு நாங்க நகையையும் அடகு வச்சோம். ரெண்டு குடும்பத்துக்கும் நஷ்டம்.

அதனால இடிச்சவங்ககிட்ட கோபமா பேச வேண்டாம், சண்டை வேண்டாம். போனை எடுங்க. ரெண்டு வண்டியும் நம்பர் பிளேட்டோட, ரோடும் தெரியற மாதிரி நாலு பக்கமும் எடுங்க. பக்கத்துல கிலோமீட்டர் கல் இருந்தா அதையும் சேர்த்து. டயர் தேய்ஞ்ச தடம், ஓட்டினவர் லைசென்ஸ், ஆர்சி. எம்பரிவாகன்னு அரசோட ஆப் ஒண்ணு இருக்கு, அதுல அந்த வண்டி நம்பரைப் போட்டா இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னு அங்கேயே தெரிஞ்சிடும். சாட்சி சொல்லத் தயாரா இருக்கிற ஒருத்தர் நம்பரும் வாங்கிக்கோங்க.

ஆனா போட்டோவுக்கு முன்னாடி உயிர். நாலு வழிச் சாலையில ஒரு வண்டி நின்னா அடுத்த வண்டி வந்து மோதுறதுக்கு நேரமே ஆகாது. இன்ஜினை அணைச்சு, ஹசார்ட் லைட்டைப் போட்டு, எல்லாரையும் ரோட்டை விட்டு வெளிய, தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிடுங்க. டிக்கியில இருக்கிற சிவப்பு முக்கோணத்தைப் பின்னாடி ஒரு 50 மீட்டர் தள்ளி வைங்க. 108-க்கு அடிங்க, நெடுஞ்சாலைன்னா 1033-உம் இருக்கு. யாராவது அடிபட்டுக் கிடந்தா வாயில தண்ணி ஊத்தாதீங்க. கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கி ஆட்டோவுல திணிக்காதீங்க. கழுத்து ஆடாமப் பார்த்துக்கோங்க. வண்டி தீப்பிடிக்கிற மாதிரி இருந்தா மட்டும்தான் அசைக்கணும். ரத்தம் வர்ற இடத்துல சுத்தமான துணியை வச்சு, விடாம அழுத்திக்கிட்டே இருங்க.

கூட்டத்துல நிக்கிறவங்களுக்கும் ஒண்ணு. தூக்கிட்டுப் போனா போலீஸ், கோர்ட்னு அலைய விடுவாங்கன்னு பயப்படாதீங்க. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. நல்ல மனசோட உதவி பண்றவங்க மேல கேஸ் போட முடியாது. பேர், அட்ரஸ் கூட நீங்களா விரும்பினாத்தான் கொடுக்கணும்.

போலீஸ்ல புகார் கொடுத்து ரசீது வாங்குங்க, யாருக்காவது அடின்னா எஃப்ஐஆர் காப்பி கேளுங்க. வண்டிய பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிற வரைக்கும் ரிப்பேர் பண்ணக் கூடாது. உங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்னைக்கே போன் பண்ணிடுங்க, சேதத்தைக் கணக்குப் பண்ற சர்வேயர் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒர்க்‌ஷாப்ல கை வைக்க விடாதீங்க. ரேடியேட்டர் ஒழுகுதுன்னா ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. ஓட்டிக் கெடுத்த இன்ஜினுக்குப் பணம் வராது.

நஷ்ட ஈட்டுக்கு எம்சிஓபி, அதாவது கோர்ட்ல விபத்து நஷ்ட ஈட்டு மனு, போடுறதுன்னா, விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும், 2022 ஏப்ரல் 1-ல இருந்து அப்படித்தான் சட்டம். இடிச்ச வண்டி நிக்காம ஓடிப் போய், நம்பரே தெரியலைன்னாலும் விட்டுடாதீங்க. பெரிய காயம்னா 50,000, உயிர் போச்சுன்னா 2 லட்சம், அதுக்குத் தனித் திட்டம் இருக்கு. ஆஸ்பத்திரி வாசல்லயே காகிதத்தை நீட்டிக் கையெழுத்து கேக்குறவங்க வருவாங்க. அழுதுக்கிட்டிருக்கிற நேரத்துல எழுதாத காகிதத்துல கையெழுத்துப் போடாதீங்க. தெரிஞ்ச வக்கீலா பார்த்துப் போங்க, இல்லைன்னா மாவட்டக் கோர்ட்ல சட்ட உதவி பண்ற சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, அங்க கேளுங்க.

இப்ப என் கார் டேஷ்போர்டுல ஒரு கவர் வச்சிருக்கேன். அதுல அப்பா சாப்பிடுற மாத்திரை பேரு, அவரோட ரத்த குரூப், இன்சூரன்ஸ் ஜெராக்ஸ், ஒரு பேனா. இந்தக் கண்ணாடித் துண்டையும் அதுலயேதான் போடப் போறேன். அப்பா கூப்பிடுறாரு, மாத்திரை நேரம். வர்றேன்.