‘நான் பட்டாம்பூச்சி பிடிக்கிறேன்’: ஒரு மாணவியின் வரியும் மொழி கற்பித்தல் மாநாடுகளும்

வணக்கம். இன்று கையில் ஒரு தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், எழுத்து தெரிகிறதா பாருங்கள். நீல மை. மூன்றாவது வரி. ‘சின்ன வயதிலிருந்து நான் பட்டாம்பூச்சி பிடிக்கிறேன்.’ பல்கலைக்கழகத்தில் தமிழை இரண்டாம் மொழியாகப் படித்த மாணவி ஒருவர் எழுதியது. அவரிடம் எழுத்து மூலமாக அனுமதி வாங்கித்தான் காட்டுகிறேன். பெயர் இருக்கும் மேல்பகுதியை மடித்துவிட்டேன்.

மொழி கற்பித்தல் மாநாடுகளைப் பற்றிப் பேசுங்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எதற்கு விண்ணப்பிப்பது, ஆய்வுச் சுருக்கத்தை எப்படி எழுதுவது, போய்வரும் செலவுக்கு ஏற்ற பயன் உண்டா என்றெல்லாம். வருகிறேன். ஆனால் இந்தப் பட்டாம்பூச்சியிலிருந்து தொடங்கினால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

என் முதல் மாநாடு. 32 மாணவர்கள், ஆளுக்கு இரண்டு கட்டுரைகள். முதல் கட்டுரையில் பிழைகளின் கீழே கோடு மட்டும் போட்டுக் கொடுத்தேன், திருத்தம் எழுதவில்லை. அவர்களே யோசித்துக் கண்டுபிடிக்கட்டும் என்பது திட்டம். ஆறு வாரம் கழித்து இரண்டாவது கட்டுரை. நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று எண்ணி அட்டவணை போட்டேன். இரண்டாவது கட்டுரையில் பிழைகள் கூடியிருந்தன. ஆகவே கோடு போடும் முறையால் பயனில்லை என்று முடிவு எழுதி, படவில்லைகள் தயாரித்து, இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். அமர்வுத் தலைவர் கேள்விகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார்.

கடைசி வரிசையில் இருந்த மூத்த பேராசிரியை ஒருவர் எழுந்தார். “உங்கள் எண்களைப் பார்த்துவிட்டேன். அந்த மாணவர்களில் யாராவது ஒருவர் எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியுமா?”

என்னால் முடியவில்லை. 64 கட்டுரைகளை வரி வரியாகப் படித்தவள் நான். ஒரு வாக்கியமும் நாவுக்கு வரவில்லை. படவில்லைகளிலும் ஒன்றுகூட இல்லை. “மன்னியுங்கள், இப்போது கையில் இல்லை” என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “பரவாயில்லை, ஊருக்குப் போனதும் பாருங்கள்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. அன்று இரவே அறையில் கணினியைத் திறந்து, நகலெடுத்து வைத்திருந்த கட்டுரைகளை மறுபடி படித்தேன். அப்போது கண்ணில் பட்டதுதான் இந்த வரி.

இதை நான் ‘பிழை இல்லை’ என்று குறித்திருந்தேன். இலக்கணப்படி பிழை இல்லைதானே? நான், பட்டாம்பூச்சி, பிடிக்கிறேன். எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் சரி. ஆனால் அந்தப் பெண் தோட்டத்தில் பட்டாம்பூச்சிகளைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ‘எனக்குப் பட்டாம்பூச்சி பிடிக்கும்’ என்று சொல்ல வந்திருக்கிறார். முன்னும் பின்னும் இருக்கும் வரிகளைப் படித்தால் பளிச்சென்று தெரிகிறது. பிழைகளை எண்ணும் அவசரத்தில் நான் அதைப் படிக்கவே இல்லை.

அதே கட்டுரையில் இன்னொரு வரி, ‘நான் பசிக்கிறேன்.’ அதன் கீழே கோடு போட்டிருந்தேன். இப்போது அவருடைய இரண்டாவது கட்டுரையைப் பாருங்கள், இதோ இந்தத் தாள். ‘எனக்குப் பசிக்கிறது’ என்று சரியாக எழுதியிருக்கிறார். கீழே, ‘எனக்குப் பட்டாம்பூச்சி பிடிக்கும்.’ இதுவும் சரி! இந்த இடத்தில் நான் கோடே போடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பசிக்குக் கிடைத்த ஒரு கோட்டிலிருந்து, விருப்பத்துக்கும் ‘எனக்கு’ தான் வரும் என்று அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. ‘எனக்கு அதைத் தினமும் பார்த்தேன்’, ‘எனக்கு அதன் பின்னால் ஓடினேன்’ என்றும் எழுதியிருக்கிறார். புதிதாகக் கிடைத்த விதியை வேண்டாத இடத்துக்கும் நீட்டிவிட்டார்.

என் அட்டவணையில் இது எப்படிப் பதிவானது? முதல் கட்டுரையில் இந்த வகையில் ஒரு பிழை, இரண்டாவதில் இரண்டு. அதாவது, பின்னடைவு. உண்மையில் அந்த மாணவி அந்த ஆறு வாரத்தில் தமிழின் மிக நுட்பமான ஒரு கதவைத் திறந்திருந்தார். பசி, தூக்கம், விருப்பம், கோபம், சந்தேகம் எல்லாம் நாம் செய்வன அல்ல, நமக்கு வருவன என்று பார்க்கிற மொழி இது. அதைப் பிடித்துக்கொண்டார். எங்கே நிறுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை. மொழி கற்றலில் இப்படிச் சற்று இறங்கி மீண்டும் ஏறும் பாதையை ‘யூ வடிவ வளர்ச்சி’ என்பார்கள். பாடப்புத்தகத்தில் நானும் படித்ததுதான். என் மாணவியின் தாளில் அதைக் காண எனக்குத் தெரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கேள்வி வந்திராவிட்டால், பயனுள்ள ஒரு முறையைப் பயனற்றது என்று அச்சில் ஏற்றியிருப்பேன்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிட் கார்டர் 1967இலேயே இதைத்தான் வலியுறுத்தினார். கற்பவரின் பிழை துடைத்தெறிய வேண்டிய அழுக்கு அல்ல, அவர் மனத்துக்குள் எந்த விதி ஓடுகிறது என்பதற்கான சான்று என்றார். 1972இல் அமெரிக்க மொழியியலாளர் லாரி செலிங்கர் அந்த உள் விதித் தொகுப்புக்கு ‘இடைமொழி’ என்று பெயர் வைத்தார். தாய்மொழியும் அல்லாமல், கற்கும் மொழியும் அல்லாமல், நடுவில் அந்த மாணவருக்கே உரிய ஒரு மொழி. இதை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். தெரிந்த ஒன்றை, வேண்டிய நேரத்தில் எதிரே நிற்கும் ஒருவர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மாநாடு அதற்காகத்தான் என்று நம்புகிறேன். கட்டுரை வாசிப்பதற்கு மட்டும் என்றால் இதழ்கள் போதுமே.

இந்தத் துறையின் பெரிய கருத்துகள் சில மாநாட்டு அறையில்தான் முதலில் காற்றில் வந்திருக்கின்றன. ‘தொடர்பாடல் திறன்’ என்ற சொல்லை இன்று மொழி ஆசிரியர்கள் எல்லோரும் புழங்குகிறோம். அமெரிக்க மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் அந்தக் கருத்தை 1966 ஜூனில், நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகம் நடத்திய ஒரு மாநாட்டில் பேசினார். இதில் என்னை ஈர்ப்பது, அது மொழியியலாளர்கள் தங்களுக்குள் கூடிய கூட்டம் அல்ல என்பதுதான். வசதிகுறைந்த குழந்தைகளின் மொழி வளர்ச்சியை எப்படி ஆராய்வது என்று பேசக் கூடிய கூட்டம். குழந்தை என்ன பேசுகிறது, எப்போது பேசுகிறது, யாரிடம் எப்படிப் பேசுகிறது என்ற கேள்வி அறையில் இருந்ததால்தான், இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது என்ற பதில் பிறந்தது.

அந்தக் காலமே இப்படிக் கூடிய காலம். பயன்பாட்டு மொழியியலுக்கான பன்னாட்டுச் சங்கம் ‘ஐலா’ 1964இல் பிரான்சின் நான்சி நகரில் தொடங்கியது. 1966இல் அமெரிக்காவில் ‘டீசால்’, 1967இல் பிரிட்டனில் ‘ஐயாடெஃப்ல்’. பின்னவை இரண்டும் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கானவை. பல்கலைக்கழக மொழி மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஐரோப்பாவில் ‘செர்க்கிள்ஸ்’ என்ற கூட்டமைப்பு 1991இலிருந்து இருக்கிறது. கணினி வழி மொழி கற்றலுக்கு ‘யூரோகால்’. ஐலாவின் உலக மாநாடு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம். 2020இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் நடக்க வேண்டியது தொற்றுக்காலத்தால் ஓராண்டு தள்ளி இணையத்தில் நடந்தது. 2023இல் பிரான்சின் லியோன், அடுத்த ஆண்டே கோலாலம்பூர்.

முதல்முறை போகிறவர்களுக்கு இவ்வளவு பெரிய மாநாடுகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே நேரத்தில் இருபது முப்பது இணை அமர்வுகள் ஓடும். உங்கள் அறைக்கு ஆறு பேர் வருவார்கள், அதில் மூவர் அடுத்துப் பேசக் காத்திருப்பவர்கள். ஒரே அரங்கில் இரண்டு நாள் நடக்கும் சிறிய கருத்தரங்கு என்றால் காலையில் கேட்ட பேச்சைப் பற்றி மாலையில் அந்தப் பேச்சாளரிடமே கேட்கலாம்.

மாநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்பும் ஆய்வுச் சுருக்கம் பற்றி. 250, 300 சொற்கள் கேட்பார்கள். எனக்கு அனுப்பிக் காட்டும் சுருக்கங்களில் பாதிக்கு மேல் ‘உலகமயமாக்கல் சூழலில் மொழிக் கல்வியின் முக்கியத்துவம்’ என்று தொடங்கி நூறு சொற்களைச் செலவழித்துவிடுகின்றன. மதிப்பீட்டாளருக்கு அந்த முக்கியத்துவம் தெரியும். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, யாருக்குக் கற்பித்தீர்கள், என்ன செய்தீர்கள், எதைச் சேகரித்தீர்கள், என்ன கண்டீர்கள். நான் இப்போதெல்லாம் மாணவரின் ஒரு வாக்கியத்தோடுதான் சுருக்கத்தைத் தொடங்குகிறேன். அதற்கான அனுமதியை மாநாடு உறுதியான பிறகு தேடி ஓடாதீர்கள், தரவு சேகரிக்கும்போதே வாங்கிவிடுங்கள். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் கேட்டால் மாணவருக்கு மறுப்பது கடினம். ஆகவே மதிப்பெண் வெளியான பிறகு கேளுங்கள், அல்லது வேறொருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

போலி மாநாடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இளம் ஆய்வாளர்கள் பணத்தை இழப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. 2016இல் நியூசிலாந்துப் பேராசிரியர் கிறிஸ்டோஃப் பார்ட்நெக், கைப்பேசி தானாகப் பரிந்துரைத்த சொற்களை வரிசையாகத் தட்டி, பொருளே இல்லாத ஒரு சுருக்கத்தை அணு இயற்பியல் மாநாடு ஒன்றுக்கு அனுப்பினார். மூன்று மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள்! நம் துறைக்கும் இப்படிப்பட்ட அழைப்புகள் அன்றாடம் மின்னஞ்சலில் வருகின்றன. மொழி கற்பித்தல், நானோ தொழில்நுட்பம், வேளாண்மை, மேலாண்மை எல்லாம் ஒரே மேடையில் என்று அழைப்பிதழ் சொன்னால் விலகிவிடுங்கள். இரண்டே நாளில், ஒரு வரிகூடக் கருத்துச் சொல்லாமல் ஏற்புக் கடிதமும் கட்டண விவரமும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிகழ்ச்சி நிரல்களின் முகமே மாறிவிட்டது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் செயற்கை நுண்ணறிவு. பேச வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. மாணவர் எழுதியதா கருவி எழுதியதா என்று தெரியாமல் தவிக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நான் கேட்ட பேச்சுகளில் பல, கருவி என்னென்ன செய்யும் என்று காட்டிவிட்டு முடிந்துவிட்டன. அதைப் பயன்படுத்திய மாணவர் அடுத்த வாரம் கருவி இல்லாமல் என்ன எழுதினார்? அந்தத் தாளை ஒருவர் காட்டினால் போதும், நான் முதல் வரிசையில் உட்காருவேன். கருவி இந்த மாணவியின் வரியை நொடியில் திருத்தியிருக்கும். ‘எனக்கு ஓடினேன்’ என்ற வரி பிறந்திருக்காது. அந்த வரி பிறக்காவிட்டால் அவர் விதியைக் கண்டுபிடித்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? இதற்கு என்னிடம் விடை இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

மறு ஆண்டு நான் உரைக்கு விண்ணப்பிக்கவில்லை. ஆய்வைப் பெரிய தாளில் ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கு நின்று விளக்கும் சுவரொட்டி அமர்வுக்கு விண்ணப்பித்தேன். சுவரொட்டி என்றால் இரண்டாம்பட்சம் என்று துறையில் ஓர் எண்ணம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். மேடைப் பேச்சில் இருபது நிமிடமும் நீங்களே பேசுவீர்கள். சுவரொட்டியின் முன் நிற்பவர் தனக்கு வேண்டியதைக் கேட்பார், நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே உங்கள் ஆய்வைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அட்டவணைகளை எடுத்துவிட்டு, நடுவில் இந்த இரண்டு தாள்களையும் பெரிதாக்கி ஒட்டினேன். பட்டாம்பூச்சி வரி ஒருபுறம், ‘எனக்கு ஓடினேன்’ மறுபுறம். கீழே, தமிழ் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம்.

ஸ்பானிஷ் கற்பிக்கும் ஓர் ஆசிரியை வந்து நின்றார். விளக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு தன் பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்து, தன் மாணவர் ஒருவரின் கட்டுரைப் படத்தைக் காட்டினார். ஸ்பானிஷிலும் பட்டாம்பூச்சி எனக்குத்தான் பிடிக்கும், நான் பிடிப்பதில்லை. ‘மே குஸ்தான்’ என்று வர வேண்டும், ‘எனக்கு’ என்ற பொருளில். அவருடைய மாணவர்கள் ‘யோ குஸ்தோ’ என்று, ‘நான்’ போட்டுத் தொடங்கிவிடுகிறார்களாம். உலகின் வேறொரு மூலையில், வேறொரு மொழியில், என் மாணவியின் அதே தடுமாற்றம். அமர்வு முடிந்து விளக்கை அணைக்கும்வரை பேசினோம். பசிக்கு ஸ்பானிஷில் வேறு அமைப்பு, ‘பசியை வைத்திருக்கிறேன்’ என்பார்களாம். அப்படியானால் அவருடைய மாணவர்களுக்கு என் மாணவிக்குக் கிடைத்த குறுக்குவழி கிடைக்காது. இதை எப்படிச் சோதிப்பது என்று அங்கேயே திட்டம் போட ஆரம்பித்தோம். இப்போது இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம்.

அந்தச் சுவரொட்டியைச் சுருட்டி வைத்திருக்கிறேன். பிரித்துக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுங்கள். இந்த ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதியது, மங்கிவிட்டது, ஆனாலும் படிக்கலாம். ‘மே குஸ்தான் லாஸ் மரிபோசாஸ்.’ அதற்குக் கீழே, நான் சொல்லிக்கொடுக்க அவர் தடவித் தடவி எழுதிய தமிழ். ‘எனக்கு’ மட்டும் எழுதி முடித்திருந்தார், அதற்குள் அரங்கைப் பூட்ட வந்துவிட்டார்கள்.