மருந்துக்கு முன்னும் பின்னும்: சிறுநீரகக் கட்டியைச் சி.டி. ஸ்கேனில் அளப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

பித்தப்பைக் கல்லுக்காகவோ வயிற்று வலிக்காகவோ அல்ட்ராசவுண்ட் எடுக்கப் போன இடத்தில், "சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிகிறது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களே இன்று கதிரியக்கத் துறைக்கு அதிகமாக வருகிறார்கள். சிறுநீரில் இரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று பாடநூல்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் ஒருசேர வருபவர்கள் மிகச் சிலரே. அப்படி வருபவரின் மனத்தில் இருக்கும் ஒரே கேள்வி, அது புற்றா இல்லையா என்பதுதான்.

சி.டி. ஸ்கேன் உடலின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை எண்ணாகத் தருகிறது. 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே அந்த எண்ணின் அலகுக்கும் வழங்குகிறது. நீருக்கு 0, காற்றுக்கு −1000. கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும். வெறும் நீர்க்கட்டி பெரும்பாலும் 0 முதல் 20 வரை காட்டும். அதற்கு அச்சம் தேவையில்லை.

சிக்கல், 35 அல்லது 40 காட்டும் கட்டியில்தான் தொடங்குகிறது. அது இரத்தம் கசிந்து உறைந்த நீர்க்கட்டியாகவும் இருக்கலாம், உயிருள்ள திசுவாகவும் இருக்கலாம். பிரித்தறிய, அயோடின் கலந்த மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்தி மீண்டும் படமெடுக்கிறோம். திரையில் கட்டியின் மேல் ஒரு சிறு வட்டம் வரைந்தால் அதனுள் சராசரி எண் தெரியும். முன்பு 35, பின்பு 38 என்றால் அங்கே இரத்த ஓட்டம் இல்லை. 35 என்பது 90 ஆகியிருந்தால் அது திசு. வித்தியாசம் 20ஐத் தாண்டினால் கட்டி மருந்தை உறிஞ்சியிருக்கிறது என்று கொள்கிறோம். 10க்கும் 20க்கும் இடைப்பட்டால் முடிவு சொல்ல முடியாது, எம்.ஆர்.ஐ. போன்ற வேறு பரிசோதனை தேவைப்படும்.

ஆகவே, மருந்து செலுத்துவதற்கு முன் எடுக்கும் படத்தை விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துகிறேன். கதிர்வீச்சைக் குறைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அதைத் தவிர்த்துவிட்டு அனுப்பப்படும் படங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கழிப்பதற்கு முதல் எண் இல்லாததால், அந்த நோயாளி பல நேரங்களில் மீண்டும் ஒருமுறை ஸ்கேன் மேசையில் படுக்க வேண்டியிருக்கிறது.

நேரமும் முக்கியம். மருந்து சென்று 30, 40 விநாடிகளில் சிறுநீரகத்தின் புறணி, அதாவது வெளிப்பகுதி, மட்டும் பளிச்சென்று ஒளிரும். உட்பகுதி இருண்டிருப்பதால் சிறு கட்டி அங்கே மறைந்துவிடக்கூடும். ஏறக்குறைய 100 விநாடிகளில் சிறுநீரகம் முழுவதும் ஒரே சீராக ஒளிரும்போது அதே கட்டி தெளிவாகத் தனித்து நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: மூச்சோடு சிறுநீரகமும் மேலும் கீழும் நகர்வதால், ஒரு சென்டிமீட்டர் கட்டியில் வைத்த வட்டம் அடுத்த படத்தில் இடம் தவறிவிடும்.

கட்டிக்குள் கொழுப்பு கண்ணுக்குத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிபோமா என்ற, புற்றல்லாத கட்டி. புற்றாக இருக்கும் எனில், அது சிறுநீரகச் சிரைக்குள்ளோ, அதையும் தாண்டி, இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் கீழ்ப்பெருஞ்சிரைக்குள்ளோ வளர்ந்திருக்கிறதா என்பதை அறுவை மருத்துவர் முன்கூட்டியே அறிய வேண்டும்; அதையும் இந்தப் படமே காட்டுகிறது. ஆனால் மருந்தை உறிஞ்சும் கட்டி எல்லாமே புற்று அல்ல. ஆன்கோசைட்டோமா என்ற தீங்கற்ற கட்டியைப் புற்றிலிருந்து சி.டி. ஸ்கேனால் உறுதியாகப் பிரிக்க முடிவதில்லை. அங்கே திசுப் பரிசோதனையே வழி.

ஸ்கேனுக்கு வருகிறவர்கள் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவையும், முன்பு எடுத்த படங்கள் எவ்வளவு பழையவையாக இருந்தாலும் அவற்றையும் தவறாமல் கொண்டு வாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய படத்தில் இதே கட்டி இதே அளவில் இருந்திருக்குமானால், இன்றைய அறிக்கையில் நாங்கள் எழுதும் வரியே மாறிவிடும்.