சாயுமா, சாயாதா? ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து மூன்று சக்கரத்துக்கு மாறுகிறவர்களுக்கு

[காட்சி: விடியற்காலை ஓசூர் ரோடு. வரிசையாகக் கிளம்பும் பைக்குகள்.]

வணக்கம். பெங்களூரிலிருந்து பேசுகிறேன். ஞாயிறு காலையில் நந்தி மலைக்கும், கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைத்தால் கிருஷ்ணகிரி வழியாக ஏலகிரிக்கும் கிளம்புகிற நம் ஆட்களை உங்களுக்குத் தெரியும். ஆர்15, ஆர்சி 390, ஓசூரிலேயே தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310. அவர்களில் பலருக்கு இப்போது மணிக்கட்டு வலிக்கிறது. சிலருக்கு முதுகு. ஒரு முறை விழுந்ததிலிருந்து வளைவைப் பார்த்தாலே சிலருக்குக் கை இறுகிவிடுகிறது. ஆனால் பைக்கை விட மனசு வரவில்லை. அந்த நேரத்தில்தான் முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் வைத்த வண்டிகள் கண்ணில் படுகின்றன. யமஹா நிகென், கேன்-ஆம் ரைக்கர், கேன்-ஆம் ஸ்பைடர். பார்த்ததும் ஆசை வருகிறது. வரத்தான் செய்யும், அப்படிப்பட்ட வண்டிகள் அவை.

ஆனால் சிசி எவ்வளவு, பவர் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். வளைவில் அந்த வண்டி சாயுமா, சாயாதா? இது தெரியாமல் மற்ற எந்த எண்ணைப் பார்த்தும் பயனில்லை. வெளியே பார்க்க ஒரே குடும்பம் போல இருந்தாலும், சாயும் வண்டியும் சாயாத வண்டியும் ஓட்டுவதில் நேர் எதிர்.

[காட்சி: மேலிருந்து ஒரு ஹேண்டில்பார். வலது கைப்பிடியை ஒரு கை முன்னால் தள்ளுகிறது.]

எப்படி நேர் எதிர் என்று பார்ப்போம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் அறுபது எழுபதில் போகிறீர்கள். வலது பக்கம் திரும்ப வேண்டும். என்ன செய்கிறீர்கள்? வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறீர்கள். முன் சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் பார்க்கிறது, அதனால் பைக் வலது பக்கம் சாய்கிறது, சாய்ந்ததும் வலது பக்கம் வளைகிறது. இதுதான் கவுண்டர் ஸ்டீயரிங். யாரும் சொல்லித் தராவிட்டாலும் வேகமாகப் பைக் ஓட்டும் எல்லோருடைய கையும் இதைத்தான் செய்கிறது. வருடக்கணக்கில் செய்து செய்து, யோசிக்காமலே கை போகிற அளவுக்கு ஊறிப்போன பழக்கம்.

இப்போது ரைக்கர் மாதிரி சாயாத வண்டியில் அதே கையோடு உட்காருங்கள். வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியைத் தள்ளினால் வண்டி இடது பக்கம் போகும். காரில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது போல, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் அது திரும்பும். காலியான சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் இது பிடிபட்டுவிடும். அதனால் பெரிய விஷயம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெதுவாகப் போகும்போது மூளை யோசித்துத் திருப்பும். ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தால் யோசிக்க நேரம் ஏது? கை தன் பழைய பழக்கத்துக்குப் போகும். அந்த ஒரு கணத்தில் வண்டி நீங்கள் நினைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் நன்றாகப் பழகியவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம்.

இன்னொன்று, பிரேக். ஸ்பைடரிலும் ரைக்கரிலும் வலது கைக்கு முன் பிரேக் லீவர் கிடையாது. மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கால் பிரேக். எப்போதும் இரண்டு விரலை முன் பிரேக்கில் வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள், அவசரத்தில் இல்லாத லீவரைத் தேடுவார்கள்.

[காட்சி: ஒரு ஆட்டோவும் ரைக்கரும் மேலிருந்து. சக்கரங்கள் தரையைத் தொடும் மூன்று புள்ளிகளையும் கோடுகள் இணைக்கின்றன.]

சாயாத வண்டி எப்போது கவிழும்? இதைப் புரிந்துகொள்ள நம் ஆட்டோவைப் பார்த்தாலே போதும். ஆட்டோவுக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. மூன்றும் தரையைத் தொடும் இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். வளைவில் ஒரு விசை எடையை வெளிப்பக்கம் தள்ளும். பிரேக் பிடித்தால் இன்னொரு விசை முன்பக்கம் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் எடை முன்னாலும் வெளியிலுமாகக் குறுக்கே நகர்கிறது. ஆட்டோவில் முக்கோணம் குறுகிப்போவது அங்கேதான். அதனால்தான் வளைவில் வேகமாக வந்து சட்டென்று பிரேக் போடும் ஆட்டோ ஒரு பக்கம் தூக்குகிறது.

ரைக்கரில் முக்கோணம் திரும்பியிருக்கிறது. அகலமான பக்கம் முன்னால். வளைவில் பிரேக் போட்டால் எடை வெளிப்பக்க முன் சக்கரத்தின் மேல் போய் உட்காரும், வண்டி உறுதியாகத்தான் நிற்கும். ஆனால் வளைவை முடிக்கும்போது ஆக்சிலேட்டரைத் திறந்தால்? எடை பின்னால் போகிறது. பின்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம். இப்போது குறுகிய முனை அந்தப் பக்கம், உள்பக்க முன் சக்கரம் லேசாகத் தூக்கப் பார்க்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது திராட்டிலைத் திறப்பதுதானே ஸ்போர்ட்ஸ் பைக்கில் நாம் ரசிக்கிற இடம்! அதற்காகவே கேன்-ஆம் வண்டிகளில் ஒரு மின்னணுக் காவல் ஏற்பாடு இருக்கிறது. சக்கரம் தூக்கப் போகிறது என்று தெரிந்தால் எஞ்சின் பவரைக் குறைக்கும், தேவைப்பட்டால் தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போடும். பாதுகாப்புக்கு அது மிகவும் தேவை. ஆனால் நீங்கள் திராட்டிலைத் திறக்கிற அதே இடத்தில்தான் அது குறுக்கிடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உடம்பும் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டியிருக்கும். பைக் சாயும்போது விசை உங்களை சீட்டுக்குள் அழுத்தும். சாயாத வண்டியில் அதே விசை உங்களைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். நீங்கள் உள்பக்கம் சரிந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, காலை ஊன்றி எதிர்த்து நிற்க வேண்டும். நீண்ட மலைப்பாதையில் தோளும் கையும் களைத்துப்போகும். மணிக்கட்டு வலிக்காக மாறுகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

[காட்சி: சாயும் முன் சக்கரங்களின் இணைப்புத் தண்டுகள், மெதுவான ஓட்டத்தில்.]

சரி, சாயும் வண்டிக்கு வருவோம். நம் ஊரில் ஆபே ஆட்டோ விற்கும் அதே பியாஜியோ நிறுவனம் 2006-இல் எம்பி3 என்று ஒரு ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. முன்னால் இரண்டு சக்கரம். இரண்டையும் இணைக்கும் தண்டுகள் ஓர் இணைகரம் போல மடங்கும். வண்டி சாயும்போது இரண்டு சக்கரமும் ஒரே கோணத்தில் சாயும். ஐரோப்பிய நகரங்களில், முக்கியமாகப் பாரிஸில், அது நன்றாக விற்றது. அதே எண்ணத்தைப் பெரிய பைக்குக்கு எடுத்துப்போனது யமஹா. 2018-இல் விற்பனைக்கு வந்த நிகெனில் எம்டி-09 பைக்கின் 847 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், ஆறு கியர். 2023-இல் வந்த நிகென் ஜிடியில் 890 சிசி.

நிகென் 45 டிகிரி வரை சாயும். திருப்பும் விதம் முழுக்க முழுக்கப் பைக்தான், அதே கவுண்டர் ஸ்டீயரிங், அதே முன் பிரேக் லீவர், அதே கிளட்ச். உங்கள் கை கற்றது எதுவும் வீணாகாது. அதற்கு மேல் முன்பக்கம் தரையை இரண்டு இடத்தில் பிடிக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறவர்களின் பெரிய பயம் முன் சக்கரம் வழுக்குவது. மழை முடிந்த சாலையில் வெள்ளைக் கோட்டின் மேலோ, வளைவில் சிதறிக் கிடக்கும் ஜல்லியின் மேலோ முன் டயர் பிடி விட்டால், நாம் உணர்ந்து சரிசெய்வதற்குள் வண்டி கீழே கிடக்கும். நிகெனில் ஒரு டயர் வழுக்கினாலும் மற்றொன்று பெரும்பாலும் நல்ல தரையில் இருக்கும். விழுந்ததிலிருந்து வளைவில் நம்பிக்கை போனவர்களுக்கு இது மிகப்பெரிய உதவி. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வண்டி எனக்குப் பிடிக்கும்.

ஆனால் பின் சக்கரம் ஒன்றுதான், அது வழுக்கினால் வழுக்கும். பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், நிகென் தானாக நிற்காது. எம்பி3-இல் சிக்னலில் நிற்கும்போது சாய்வைப் பூட்டிக்கொள்ளலாம், காலை ஊன்றாமலே நிற்கலாம். நிகெனில் அந்தப் பூட்டு இல்லை. நின்றால் கால் ஊன்ற வேண்டும், விட்டால் சரியும். முதல் நிகெனின் எடை 263 கிலோ. முழங்கால் பலமில்லாமல் பைக்கை விடுகிறவர், மூன்று சக்கரம் என்பதை நம்பி இதை வாங்கினால் முதல் சிக்னலிலேயே சிரமம்தான்.

ஆகவே, ஸ்போர்ட்ஸ் பைக்கை எதற்காக விடுகிறீர்கள்? முழங்காலோ இடுப்போ எடை தாங்கவில்லை, வண்டியை நிறுத்திப் பிடிக்க முடியவில்லை என்றால் சாயாத வண்டிதான். ஸ்பைடரோ ரைக்கரோ எடுங்கள். ரைக்கரில் கியர் மாற்றும் வேலையே இல்லை, ரிவர்ஸும் உண்டு, கால் வைக்கும் இடத்தையும் ஹேண்டில்பாரையும் கருவி இல்லாமலே நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் அதை ஒரு புது வண்டியாகப் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறது, முன் சக்கரப் பயம்தான் என்றால் சாயும் வண்டி. மணிக்கட்டும் முதுகும் மட்டும்தான் பிரச்சினை என்றால், உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்கு மூன்றாவது சக்கரமே தேவையில்லை. நிமிர்ந்து உட்காரும், ஹேண்டில்பார் உயரமான ஒரு இரு சக்கர பைக் போதும். பணமும் மிச்சமாகும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சாய்ந்து சாய்ந்தே ஏறலாம்.

[காட்சி: சில்க் போர்டு சந்திப்பு, நெரிசல்.]

அடுத்து பெங்களூர். ரைக்கரின் அகலம் சுமார் 1,500 மில்லிமீட்டர். பஜாஜ் ஆட்டோவின் அகலம் சுமார் 1,300. ஆட்டோ நுழையாத சந்தில் ரைக்கர் நுழையாது, சில்க் போர்டில் கார்களோடு கார் போல வரிசையில் நிற்க வேண்டியதுதான். நிகென் 885 மில்லிமீட்டர், பெரிய பைக் அளவுதான், நெரிசலில் சமாளிக்கலாம்.

குழிகள்தான் உண்மையான சோதனை. இரு சக்கரத்துக்குச் சாலையில் ஒரே தடம். குழிக்கு இடதோ வலதோ ஒரு கோடு கண்டுபிடித்தால் போதும். மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம். முன் சக்கரங்களுக்கு நடுவில் குழியை விட்டுக் கடந்துவிட்டோம் என்று நினைத்தால் பின் சக்கரம் நேராக அதில் போய் இறங்கும். மழைக்காலத்தில், தண்ணீர் நின்று குழி எது சாலை எது என்று தெரியாத நாளில், இது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேலை வாங்கும்.

பெங்களூர்–மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை, மூன்று சக்கர வாகனங்களுக்கும் இல்லை. சக்கரம் ஒன்று கூடியதால் அந்தக் கதவு திறக்காது.

[காட்சி: மோட்டார் வாகனச் சட்டம், 1988. பிரிவு 2(27).]

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 2(27) மோட்டார் சைக்கிள் என்பதை இரு சக்கர மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. கழற்றக்கூடிய சைடுகார் இணைத்தால் அதுவும் இதில் அடங்கும். நிகெனோ ரைக்கரோ இந்த வரையறைக்குள் எளிதில் உட்காராது. நிகென் இந்தியாவில் முறையான விற்பனைக்கு வந்ததும் இல்லை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக யாராவது சொன்னால், எந்த வகையில் பதிவாகும், உங்களிடம் இருக்கும் கியர் பைக் உரிமம் போதுமா என்பதை உங்கள் ஆர்டிஓவிலிருந்து எழுத்தில் வாங்கிய பிறகுதான் முன்பணம் கொடுங்கள். உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். முன்பக்க இணைப்பில் ஒரு தண்டு வளைந்தால் அதை இங்கே பட்டறையில் தட்டி நிமிர்த்தி ஓட்டக்கூடாது.

அதைவிட ஆபத்தான யோசனை ஒன்று சுற்றுகிறது. இருக்கிற பைக்கிலேயே முன்னால் இன்னொரு சக்கரத்தை வெல்டிங் வைத்து மாட்டித் தருகிறோம் என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பிரிவு 52 தடுக்கிறது. அதற்கும் மேலாக, இரண்டு சக்கரமும் ஒரே கோணத்தில் சாய்ந்து, உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பும் அந்த வடிவமைப்பு, கண்ணளவில் வெல்டிங் வைத்து வருகிற காரியம் இல்லை. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

[காட்சி: காலியான பெரிய மைதானம். ஆரஞ்சுக் கூம்புகள்.]

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். வேலைக்காகவோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ வெளிநாடு போகும்போது வாடகைக்குக் கிடைத்தால், உரிமம் செல்லுமா என்று விசாரித்துவிட்டு ஒரு நாள் எடுங்கள். நேராக மலைக்குப் போகாதீர்கள். காலியான மைதானத்தில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, எந்தப் பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கைக்குப் பழக்குங்கள். பிறகு நின்று நின்று பிரேக் போடுங்கள், கால் தானாகப் பிரேக்கைத் தேடும் வரை. கடைசியாக இரண்டு கூம்புகளை வைத்து, அவற்றுக்கு நேராக வந்து, ஒரு நண்பரைக் கடைசி நொடியில் இடது அல்லது வலது என்று கத்தச் சொல்லுங்கள். கை தயங்காமல் சரியான பக்கம் திருப்பினால் பரவாயில்லை. தயங்கினால், அந்த வகை வண்டியை ஓசூர் ரோட்டுக்கு இப்போதைக்குக் கொண்டுவர வேண்டாம்.