வண்டியை இரண்டாகப் பிரிக்கும் முன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோடையில் வயல் காய்ந்து கிடக்கிறது, டிராக்டர் கொட்டகையில் நிற்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கிளட்ச் வேலையை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். பக்கத்து வயலில் சேறடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது பிரிக்கிற வண்டியில்தான் தவறு நடக்கிறது. வேலை தெரிந்த கைக்கும் அந்த அவசரத்தில் தடுமாற்றம் வந்துவிடும்.

நம் ஊர்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில் மாஸி பெர்குசன் 1035 ஒன்று. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி, மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். லாரிக்கு இருப்பதுபோல இதற்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றையும் போல்ட் போட்டு இணைத்ததுதான் மொத்த வண்டியே. 1917-ல் உற்பத்திக்கு வந்த ஃபோர்ட்சன் டிராக்டரும் இந்த அமைப்புதான். அதனால் கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றாலே வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும்.

இங்கேதான் முதல் ஆபத்து. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்குவதற்காக, முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னைப் பிடித்துக்கொண்டு ஆடும்படி செய்திருக்கிறார்கள். வண்டி ஒன்றாக இருக்கும்வரை பின் சக்கரங்கள் எஞ்சினை நிமிர்த்திப் பிடித்திருக்கும். பிரித்த அடுத்த நொடி அந்தப் பிடிப்பு போய்விடும். முன் அச்சுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்கவில்லை என்றால் எஞ்சின் பக்கவாட்டில் சாயும். பக்கத்தில் நிற்பவர் அதைக் கையால் தாங்கிப் பிடிக்கவே முடியாது. ஆப்பு அடிக்காத வண்டியில் கடைசி போல்ட்டைத் தொடாதீர்கள். மண் தரையில் வெறும் ஜாக்கியை நம்பவும் வேண்டாம். அடியில் பலகை, பக்கத்தில் கட்டை இரண்டும் வேண்டும்.

பேட்டரி ஒயர், டீசல் பைப், ஸ்டீயரிங் ராடு, மீட்டர் கேபிள் எல்லாம் கழற்றியாயிற்றா என்று இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். மறந்துபோன ஒன்று அறுந்துதான் நினைவுக்கு வரும்.

கிளட்ச் பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. கழற்றும்போதே சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் நடுவிலுள்ள புடைப்பு, எஞ்சின் பின்னால் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் இடிக்கும். கிளட்சை எவ்வளவு மிதித்தாலும் கியர் விழாது. மறுபடி முழுவதும் பிரிக்க வேண்டியதுதான். பிரித்த வண்டியில் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றாமல் விடுவது என் பார்வையில் சிக்கனமே அல்ல. சீல் கசிந்தால் புது பிளேட்டில் எண்ணெய் ஏறி நழுவ ஆரம்பிக்கும்.

சேர்க்கும்போது இன்னும் பொறுமை வேண்டும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்கும் முன் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றை நுழைத்து கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்துங்கள். பிறகு இரண்டு பாதியும் கைத்தள்ளலிலேயே நெருங்கி வரவேண்டும். கடைசியில் ஒரு விரல் இடைவெளி மூட மறுக்கிறதா? போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள். பிளேட்டின் நடு வளையும், வார்ப்பு இரும்பு விரிசல் விடும். ஒருவர் எஞ்சினை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தால் ஷாஃப்ட்டின் பல்லும் பிளேட்டின் பல்லும் சந்திக்கும், இடைவெளி தானே மூடிக்கொள்ளும்.

டீசல் பக்கமும் கை வைத்திருந்தால் சுத்தம் முக்கியம். திறந்த பைப் வாயைப் பஞ்சு வேஸ்டால் அடைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. டீசல் பம்புக்குள் உரசும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியோ ஏறக்குறைய எழுபது மைக்ரான் தடிமன். ஒரு நூல் இழைகூட அங்கே போகக் கூடாது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றினால் பழைய செப்பு வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் மேல் புதிதாக இன்னொன்று போட்டால் இன்ஜெக்டர் உயரத்தில் நின்றுவிடும்.

டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்கும்போது, கைப்பம்பு நெம்புகோல் தளர்ந்து ஆடுகிறது, டீசல் வரவில்லை என்றால் உடனே புதுப் பம்பு வாங்கக் கிளம்பாதீர்கள். உள்ளே பம்பை இயக்கும் கேம் (புடைப்புள்ள சக்கரம்) மேட்டில் நிற்கும். எஞ்சினை ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் டீசல் வந்துவிடும்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். சாவியில் எடுக்காத வண்டியை, கீழே நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளில் ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பொறி தட்டி எடுக்கிறார்கள். வண்டி கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்த கணமே நகரும். தட்டுகிறவர் நிற்பதோ பின் டயருக்கு நேர் முன்னால். விலகி ஓட நேரம் இருக்காது. ஒயரையோ சுவிட்சையோ சரிசெய்து, இருக்கையில் உட்கார்ந்து, கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்தபின் எடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்யப் பார்த்தால், அந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கி வைத்துவிடுங்கள்.

வணக்கம்.