எந்த வழியாக வந்தோம்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தில், பெரும்பாலும் சித்தூர் தாலுகாவில், தமிழ்வழிப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பூர்வீகம் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். எங்கள் எல்லைப் பகுதியில் அந்தச் சொல் காதில் விழாத நாளே கிடையாது. கோயம்புத்தூருக்குத் துணி எடுக்கப் போனால், "மலையாளத்துக்காரங்களா?" என்று விசாரிப்பார்கள். பாலக்காட்டில் பஸ் ஏறினால் பின் இருக்கையில் யாராவது "பாண்டி" என்று, தமிழரை இளக்காரமாகச் சொல்லும் சொல்லை முணுமுணுப்பார்கள். அடுத்து வரும் கேள்வி இரண்டு பக்கமும் ஒன்றுதான்: உங்களுக்குச் சொந்த ஊர் எது? கேட்பவருக்கு அது பொழுதுபோக்குப் பேச்சு. ஐந்து தலைமுறையாக ஒரே கிணற்றில் நீர் இறைத்துக் குடித்த குடும்பத்துக்கு அது நெஞ்சில் தைக்கும்.

எங்கள் மண்ணைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் வழிவிட்டு நிற்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கேரளம் என்றால் தென்னைதான் நினைவுக்கு வரும். எங்கள் ஊர் அடையாளம் பனை. ஆடி மாதத்தில் கணவாய் வழியாக வீசும் காற்றில் அந்தக் கருப்பனைகள் இரைகிற இரைச்சலில், வகுப்பில் நான் பேசுவது எனக்கே கேட்காது.

காற்று வந்த வழியில்தான் மனிதர்களும் வந்தார்கள், போனார்கள். கொங்கு நாட்டின் பழங்காலத் தொழில் ஊரான கொடுமணலில் இழைத்த மணிகளும் கற்களும் மேற்குக் கடற்கரைக்குப் போக, இதைவிட எளிய வழி வேறு இல்லை. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்ததற்கும் இந்தக் கணவாயே காரணம். ஐதர் அலி 1766 இல் பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டியதும் இந்த வாசலைக் கையில் வைத்துக்கொள்ளத்தான். எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது; பக்கத்துப் பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. என் தாத்தா குடியிருந்த வீட்டை விட்டு நகராமலே கொச்சி, திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம் என்று மூன்று அரசுகளைப் பார்த்துவிட்டார்.

சித்தூர் பகவதி கோவிலில் ஆண்டுதோறும் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கிறது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசன் பகவதியின் அருளால் தோற்றுப் போனதைக் கொண்டாடும் விழா அது. அந்தக் கூட்டத்தில், கொங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் பலூன் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். நானும் அப்படி நின்றவள்தான். அது எனக்கு ஒருநாளும் விசித்திரமாகத் தோன்றியதில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை கொடுப்பேன். வீட்டில் உள்ள மூத்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும். நம் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது? பாட்டி தன் தாயோடு எந்த மொழியில் பேசினார்? நாம் எங்கிருந்து, எந்த வழியாக வந்தோம்? பாடநூலில் இல்லாத வேலைதான். ஆனால் பிள்ளைகள் இதை எழுதியதுபோல வேறு எதையும் மனம் வைத்து எழுதியதில்லை.

குலதெய்வக் கேள்விதான் புதையல். காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி, உடுமலை என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். ஒரு பையனின் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்து வேப்பமரத்தடியில் சுண்ணாம்பு அடித்த மூன்று கற்கள், ஒரு சூலம், எண்ணெய் ஏறிக் கறுத்த ஓர் அகல். "இதற்கு அடியில் பிடிமண் இருக்கிறது, டீச்சர்" என்றார் அவன் பாட்டி. அவருடைய மாமனாரின் தாத்தா, பஞ்சகாலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தபோது, குலதெய்வக் கோவில் மண்ணில் ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் எங்கும் தரையில் வைக்காமல் கொண்டுவந்து சேர்த்தாராம். இரவில் தூங்கும்போது அந்த முடிச்சைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாராம். பாட்டி இதைச் சொல்லும்போது, கையில் முடிச்சைப் பிடித்திருப்பதுபோல விரல்களைக் குவித்தே வைத்திருந்தார்.

மொழிக் கேள்விக்கு வந்த விடைகள் என்னையே திருத்தின. எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள் என்று நினைத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் நான். தேவாங்கர் வீட்டுப் பிள்ளை, பாட்டி கன்னடம் பேசுவதாகவும், குலதெய்வம் சௌடேஸ்வரி என்றும் எழுதினாள். எங்கள் ஆறு கலக்கும் பாரதப்புழை வழியே கீழே போனால் வரும் குத்தாம்புள்ளி நெசவாளர்களும் தேவாங்கர்கள்தான். கேரளம் முழுவதும் அவர்கள் நெய்த கைத்தறிப் புடவையைக் கட்டுகிறது, அவர்கள் வீட்டுப் பேச்சு இன்றும் கன்னடம். ராவுத்தர் வீட்டுப் பையன், "அத்தாவும் அம்மாவும் தமிழ், தாத்தா குர்ஆன் ஓதுவது அரபி" என்று எழுதினான். ராவுத்தர் என்ற சொல்லுக்குக் குதிரைவீரர் என்று பொருள் என்று நான் சொன்னதும், அன்று முழுவதும் அவன் குதிரைமேல்தான் இருந்தான். கல்பாத்தி அக்கிரகாரங்களின் கதை, காவிரிக் கரையிலிருந்து வந்தவர்களின் கதை, எல்லோரும் அறிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

அருந்ததியர் வீட்டுப் பெண் ஒருத்தி நோட்டை மூடி வைத்துக்கொண்டு வாசிக்க மறுத்தாள். மாலையில் எல்லோரும் போனபின் என்னிடம் காட்டினாள். "வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் தமிழ்" என்று எழுதியிருந்தாள். தெலுங்கு பேசுவதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்த ஒரு வரியைப் படித்தால் சாதி தெரிந்துவிடும் என்பதுதான் பயம். எங்கள் எல்லை ஊர்களில் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தை அவள் வீட்டார் பார்த்தவர்கள். பூர்வீகத்தைக் கேட்கும் கேள்வி ஒருவருக்குப் பெருமையாகவும் ஒருவருக்குப் பொறியாகவும் இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன்பின் யாரையும் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதில்லை.

முதலமடைப் பக்கம், ஆனைமலை அடிவாரத்தில் இரவாளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பழங்குடியினர் என்று அரசு பட்டியலிட்டிருக்கிறது. மாந்தோப்புகளில் கூலிவேலைதான் இன்று அவர்களின் பிழைப்பு. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி மூன்றாவது கேள்விக்கு ஒன்றும் எழுதாமல் வந்தாள். ஏன் என்று கேட்டேன். "பாட்டி சொன்னார்கள், நாங்கள் எங்கிருந்தும் வரவில்லையாம், டீச்சர். மலை இங்கே இருந்ததாம். நாங்களும் இருந்தோமாம்."

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. என் கேள்வியிலேயே பிழை இருந்தது. எல்லோரும் வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்; வந்தவர்களை வரவேற்க இங்கே ஆள் இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. வடக்கே அட்டப்பாடியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் நிலம் அது. 1951 கணக்கெடுப்பில் அங்கே பத்தில் ஒன்பது பேர் அவர்கள். 2011 இல் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். கிழக்கிலிருந்து நம் தமிழர்களும் தெற்கிலிருந்து திருவிதாங்கூர் விவசாயிகளும் போய் நிலம் பிடித்ததில் வந்த மாற்றம் இது.

இனி ரத்தத்தின் கதைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் மூக்கை அளந்து இனத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுக்கருவியோடு ஊர் ஊராகப் போய் மனிதர்களை அளந்தார். 1909 இல் ஏழு தொகுதிகளாக அவருடைய நூல் வந்தது. வழக்கங்கள் பற்றி அதில் உள்ள குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. மூக்கின் அளவால் ஒரு பயனும் இல்லை.

2009 இல் ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து, இந்தியாவின் 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுவை ஆராய்ந்தார்கள். குமாரசாமி தங்கராஜ் அந்த ஆய்வின் முக்கிய அறிஞர்களில் ஒருவர். இரண்டு பழைய மூதாதையர் கிளைகள் அவர்களில் ஏறக்குறைய எல்லாரிடமும் கலந்திருப்பது தெரிந்தது. ஒருவருக்கொருவர் விகிதம்தான் மாறுகிறது. 2013 இல் வந்த தொடர் ஆய்வு, இந்தக் கலப்பு 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்று கணித்தது. மலையில் தனித்து வாழும் பழங்குடிகளிடமும் அந்தக் கலப்பு இருக்கிறது. அதற்குப் பின் சமூகங்கள் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கத் தொடங்கி வாசலைச் சாத்திக்கொண்டன.

அப்படிச் சாத்தியதற்கு உடம்பு கொடுக்கும் விலை உண்டு. ஆரிய வைசிய சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி இல்லாமல் போகிறது. மற்றவருக்குச் சில நிமிடங்களில் தெளியும் மருந்து, இவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசையை அசையவிடாமல் வைத்துவிடும். மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து கொடுத்து எளிதாகக் காப்பாற்றிவிடலாம். பூர்வீகத்தைக் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பூர்வீகத்துக்கும் நோய்க்கும் உள்ள இந்தத் தொடர்பை நான் தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. மூன்று ஆண்டுகள் அட்டப்பாடியில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். மார்கழிக் காலையில் பிள்ளைகளை மைதானத்தில் ஓட விடுவோம். ஓர் இருளர் பையன் மட்டும் ஓடமாட்டான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவான். சோம்பேறி என்று திட்டி, மணி அடிக்கும்வரை குளிரில் நிற்கவைத்தேன். அவன் பதில் பேசவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சில வாரங்கள் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்: அரிவாள் நோய். சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள்போல வளைந்து, மெல்லிய ரத்தக்குழாயில் சிக்கி அடைக்கிறது. குளிரிலும் உடம்பில் நீர் குறையும்போதும் எலும்பைப் பிளப்பதுபோல வலிக்கும். நான் நிற்கவைத்தது அந்தக் குளிரில்தான்.

இந்தியாவில் இந்த அரிவாள் அணு முதலில் அறியப்பட்டது எங்களுக்குப் பக்கத்தில், நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952 இல். அதைக் கண்டவர்கள் மனித இனங்கள் எங்கிருந்து பரவின என்ற தேடலில் இருந்தவர்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியதுதான் காரணம். தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை. மலேரியாவிலிருந்து அது காக்கவும் செய்கிறது. காட்டுக் காய்ச்சல் கொன்று குவித்த மலைகளில் அந்த மாற்றம் நிலைத்தது அதனால்தான். இருவரிடமும் அது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர. திருமணத்துக்கு முன் ஒரு சொட்டு ரத்தம் பரிசோதித்தால் தெரிந்துவிடும். 2023 இல் மத்திய அரசு இதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் மலைக்கிராமத்துப் பெற்றோர்களே, அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆசிரியர்களே, ஓடாத பிள்ளையை நிற்கவைக்காதீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு ஒன்றும் எழுதாமல் வந்த இரவாளர் பெண்ணின் பாட்டியிடம் திரும்பி வருகிறேன். அவள் அப்படிச் சொன்ன அந்த வாரமே அவரைப் பார்க்கப் போனேன். என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, "டீச்சரம்மாவுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்றார். "உங்கள் ஊரைக் காட்டுங்கள், அம்மா" என்றேன். கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார். மாந்தோப்பு வேலிக்கு வெளியே நின்று, ஒவ்வோர் ஓடையையும் பாறையையும் மேட்டையும் பெயர் சொல்லிக் காட்டினார். தமிழுக்கு நெருங்கிய மொழி. பாதி எனக்குப் புரிந்தது, மீதியைப் பேத்தி சொன்னாள். அவர் பிறந்த இடம் வேலிக்கு உள்ளே இருந்தது. அங்கே போக முடியாததால் கையை நீட்டிக் காட்டினார். கேரளத்தில் நாம் தமிழில் அரசுக்கு மனு எழுதலாம். 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடருக்கும் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. அந்தப் பாட்டியின் மொழியில் எழுத ஒரு விண்ணப்பத் தாளும் இல்லை.

அன்று 14 பெயர்களை எழுதிக்கொண்டேன். பிறகு கிராம வரைபடத்தை வாங்கித் தேடினேன், ஒன்றுகூட அதில் இல்லை. அடுத்த ஆண்டு என் மூன்றாவது கேள்வியை மாற்றினேன்: நாம் வருவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள், இந்த இடத்தை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? அதற்குப் பிள்ளைகள் கொண்டுவந்த விடைகள் நான்கு நோட்டுகளாக என் வீட்டில் இருக்கின்றன. எல்லைக் கிராமங்களில் இருக்கும் பெரியவர்கள் யாராவது இன்னும் இப்படிப் பெயர்கள் அறிந்திருந்தால், வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். ஐந்தாவது நோட்டு வெறுமையாகத்தான் இருக்கிறது.

நன்றி. வணக்கம்.