மாளாவின் மூன்று கல்லறைகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கேரளத்தில் கொடுங்கல்லூர் பக்கம் மாளா என்று ஒரு சின்ன ஊர். திருச்சூர் மாவட்டம். அங்கே யூதர்களின் இடுகாடு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். நம் ஊர்க் கல்லறைத் தோட்டம் மாதிரி வரிசையாகக் கற்கள் நிற்கும் என்ற நினைப்பு எனக்கு. போய்ப் பார்த்தால் ஏக்கர் கணக்கில் வெட்டவெளி. கண்ணுக்குத் தெரியும் கல்லறைகள் மூன்றே மூன்று.

சரி, மற்றவர்கள் எங்கே? அங்கேதான், புல்லுக்கு அடியில். யூதர்கள் இறந்தவரை எரிப்பதில்லை. ஒருமுறை புதைத்த இடத்தைத் தோண்டுவதும் கூடாது, அதே குழியில் இன்னொருவரை வைப்பதும் கூடாது. கல் போனாலும் குழி அவருடையதுதான். எபிரேய மொழியில் இடுகாட்டுக்கு 'பெத் ஹயிம்' என்று ஒரு பெயர் உண்டு. 'உயிரோடிருப்போர் வீடு' என்று பொருள். இழவு வீட்டில் கூட மங்கலமாகப் பேசும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இஸ்ரேல் நாடு உருவான பிறகு, 1950களின் நடுவில், கொச்சிப் பகுதி யூதர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். மாளாவில் இருந்தவர்களும் போனார்கள். வீட்டை விற்கலாம், பாத்திரம் பண்டத்தை எடுத்துப் போகலாம். தாத்தா பாட்டி படுத்திருக்கும் மண்ணை என்ன செய்வது? ஊராட்சியை நம்பி ஒப்படைத்தார்கள். தாங்கள் தொழுத ஜெபாலயத்தை வேறு மதத்தின் வழிபாட்டிடமாகவோ இறைச்சிக்கூடமாகவோ ஆக்கக்கூடாது, இடுகாட்டை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு. இதெல்லாம் 1955ஐ ஒட்டி நடந்தது.

பிறகு இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் விளையாட்டு அரங்கம் எழுந்தது. ஊர்க்காரர்கள் சிலரே அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பாரம்பரியத்தைக் காக்க அமைப்பும் வைத்தார்கள். ஒரு யூதர் கூட மிச்சமில்லாத ஊரில் அவர்கள் சண்டை போட்டது யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள். அரங்கம் வேண்டும் என்றவர்களையும் நான் வில்லன் ஆக்க மாட்டேன். பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் காலியாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு நிலம் காலி ஆகிவிடாது.

மாளாவிலிருந்து தெற்கே வந்தால் சேந்தமங்கலம். கைத்தறிக்குப் பெயர் போன ஊர். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், யூதர் ஜெபாலயம் நான்கும் அக்கம்பக்கமாக இருக்கும். ஜெபாலயத்தைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில் ஒரு நெடுங்கல் நிற்கிறது. இஸ்ரேல் என்பவரின் மகள் சாரா 1269இல் இறந்தார் என்று எபிரேயத்தில் வெட்டியிருக்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லெழுத்துகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எழுத்துகள் தேய்ந்து, சில இடங்களில் கல்லின் சொரசொரப்போடு கலந்துவிட்டன. சாராவைப் பற்றி வேறு எதுவும் நமக்குத் தெரியாது. அவரைப் புதைத்த குழி அந்த வாசலில் இல்லை. இங்கே குழியைப் பிரிந்த கல், மாளாவில் கல்லைப் பிரிந்த குழிகள். படம் எடுக்கக் கல்லைத்தான் தேடுகிறோம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சுமார் 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சில உரிமைகளை வழங்கிச் செப்பேடு கொடுத்தான். வட்டெழுத்தில் எழுதியது. அதில் தமிழ் வாசகருக்குப் புரியும் சொற்கள் நிறைய: பகல்விளக்கு, பாவாடை, குடை. பாவாடை என்றதும் சிரிக்காதீர்கள். பெரியவர்கள் நடக்கும்போது தரையில் விரிக்கும் துணி அது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயரும் வருகிறது. உலகமும் சந்திரனும் உள்ள அளவும் இந்த உரிமைகள் வழிவழியாகச் செல்லும் என்று மன்னன் சொல்கிறான். அந்தச் செப்பேடு கொச்சியின் மட்டாஞ்சேரியில் இன்னமும் பத்திரமாக இருக்கிறது. ஆயிரம் வருஷத்துச் செம்பு தங்கிவிட்டது. 1955இல் கொடுத்த வாக்குக்கு எழுபது வருஷமே பெரும்பாடாக இருக்கிறது.

செய்ய வேண்டியது மலை போன்ற வேலை இல்லை. எல்லையை அளந்து சுவர் கட்டலாம். தரையைத் தோண்டாமலே அடியில் குழிகள் எங்கே என்று பார்க்கக் கருவிகள் இருக்கின்றன. மலையாளத்திலும் எபிரேயத்திலும் ஒரு பலகை வைக்கலாம். இஸ்ரேலிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தால் படித்துக்கொள்வார்கள்.

யூதர்கள் கல்லறைக்குப் பூ கொண்டுபோவதில்லை, கூழாங்கல் ஒன்றை மேலே வைத்துவிட்டு வருவார்கள். மாளாவில் நானும் ஒரு சிவப்புச் செம்புறைக்கல் துண்டைப் பொறுக்கினேன். மூன்று கல்லறைகளில் எதன்மேல் வைப்பது என்று கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வெறும் புல்தரையில், கால் படாத ஓரமாகப் பார்த்து, வைத்துவிட்டுப் பேருந்து பிடிக்க நடந்தேன்.

நன்றி, வணக்கம்.