பேட்டரி சாண்டர் திணறுகிறதா? மோட்டாரைத் திட்டும் முன்...

[திரையில்: மேசைமேல் சாண்டர். ஒரு கை பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைக்கிறது.]

இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் இந்தச் சாண்டரின் பேட்டரி வெளியே வந்துவிட்டது. உப்புத்தாள் மாற்றுவதானாலும், தூசிப் பையைத் தட்டுவதானாலும், சும்மா கவிழ்த்துப் பார்ப்பதானாலும் முதல் வேலை இதுதான். வயர் உள்ள கருவியில் பிளக்கைப் பிடுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும். இதிலோ மின்சாரம் கருவியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

"ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றுவிட்டது." அதிகம் கேட்கும் புகார் இதுதான். சார்ஜ் இருந்தும் நின்றால், பெரும்பாலும் கருவி கெடவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானாலோ, மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்தாலோ, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். ஆறவிடுங்கள். பிறகு உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள்.

[நெருக்கக் காட்சி: வட்டப் பேடின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு.]

பேட்டரி இல்லாத நிலையில் இப்படி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேட் என்பது உப்புத்தாள் ஒட்டும் அடித்தட்டு. வட்டப் பேட் உள்ள சாண்டரில் அது அதிர்ந்துகொண்டே சுழலவும் வேண்டும். மரத்தின்மேல் ஓட்டும்போது இந்தக் கோடு நிதானமாகச் சுற்றி வருவது தெரிந்தால் எல்லாம் சரி. ஒரே இடத்தில் நின்று நடுங்கினால், நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று பொருள். கருவியின் எடையும் அதன்மேல் தளர்வாகக் கிடக்கும் கையின் எடையும் போதும். அழுத்தினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்போம், முடிவது பேட்டரிதான். அந்தச் சூட்டில் பேடின் வெல்க்ரோ கொக்கிகளும் உருகி மழுங்கும். "உப்புத்தாள் ஒட்டவே மாட்டேன் என்கிறது" என்ற அடுத்த புகார் அங்கேதான் பிறக்கிறது.

மரத்தில் சுருள்சுருளாகக் கீறல் விழுகிறதா? தாளில் தூள் அடைத்திருக்கும், அல்லது அடியில் ஒரு துகள் சிக்கியிருக்கும். நான் ஒரு கதவு முழுவதையும் தேய்த்து வார்னிஷ் அடித்த பிறகே அந்தச் சுருள்களைப் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து! தாளின் துளைகள் பேடின் துளைகளோடு பொருந்தவில்லை என்றால் தூள் உறிஞ்சப்படாமல் அடியிலேயே அரைபடும். தூக்கியதும் பேட் காற்றில் வெறிபிடித்தாற்போல் சுழன்றால், பேடின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம்.

[திரையில்: திறந்த வெளியில் தூசிப் பையைக் கொட்டுகிறார்கள். முகக்கவசம், கண்ணாடி.]

தூசிப் பை விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பாதி நிறைந்ததும் கொட்டிவிடுங்கள். நிறைந்த பை உறிஞ்சாது. மரம் தேய்த்த பையோடு இரும்பைத் தேய்க்காதீர்கள், ஒரு பொறி போதும். ஆளி எண்ணெய் போன்றவை பூசிய மரத்தின் தூள் குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதை இரவு முழுவதும் பையில் விட்டுவைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் மரத்தூளைச் சேர்த்திருக்கிறது. முகத்தில் கட்டிய துண்டு அந்த நுண்தூளைத் தடுக்காது. என்95 போன்ற கவசம் வேண்டும். ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய பெயின்ட்டின்மேல் சாண்டரையே வைக்காதீர்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ சார்ஜரில் போட வேண்டாம். சூடாக இருந்தால் ஆறிய பிறகு போடுங்கள். முனைகளை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கும் பெட்டியில் அதைப் போடாதீர்கள். இரு முனைகளையும் ஓர் ஆணி இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும். நெடுநாள் ஓய்வு என்றால் பாதி சார்ஜில், வெப்பம் படாத இடத்தில் வையுங்கள்.

கரகர என்று சத்தம் வருகிறதா? பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பேடைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் உறுத்தினால் பேரிங் போய்விட்டது. எண்ணெய் விடாதீர்கள், தூசியைக் கூட்டி வருவதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. கருகிய வாடையோ புகையோ வந்தால் அதோடு நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

[நெருக்கக் காட்சி: சுவிட்ச் அணைந்திருப்பதை விரல் தொட்டுப் பார்க்கிறது. பேட்டரி 'கிளிக்' என்று அமர்கிறது. சாண்டர் மரத்தின்மேல் ஓடுகிறது. மார்க்கர் கோடு மெல்லச் சுற்றி வருகிறது.]